பாம்புக்கு ஏற்ற ஆகாரம் எது?

கண்டி மாநகரைக் காண வருவோர் தலதா மாளிகையையும் வாவியையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு களிப்பர். அவ்விடங்களிலே கூட்டம் கூடும் வேளை பார்த்து, தோளிற் கூடையும் கையில் மகுடியுமாகச் சிலர் வந்து அமர்வதுண்டு. கூடையின் மூடி திறந்ததும் நாகம் படமெடுத்து நிற்கும். பக்கத்திலே மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடக்கும். சுற்றி நிற்கும் சிறுவர் சிறுமியர் அச்சமும் ஆவலும் கலந்த கண்களோடு நோக்குவர். அவர்களுள் ஒருவராவது கேட்காமற் போவதில்லை: “இதற்கு என்ன சாப்பாடு கொடுப்பீர்கள்?” பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி “பாலும் முட்டையும்” என்பதே.

வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை அதனை மறப்பதில்லை. வேலியோரத்தில் ஒரு பாம்புக் குட்டியைக் கண்டால், அதனைப் போத்தலில் அடைத்து, பால் வார்த்து வளர்க்கலாமென எண்ணுகிறது. தாய்மாருள்ளும் பலர், பாம்புக்குப் பால் வார்ப்பது புண்ணியம் என்றே நம்புகின்றனர். ஆகவே இவ்வாரம் நம் பகுதியில், பாம்பின் ஆகாரம் யாது, அதற்குத் தீங்கற்ற உணவு எது, தீங்கானது எது என்னும் விஷயத்தைச் சற்று ஆராய்வோம். சிறு விஷயமென இதனைத் தள்ளிவிடுதல் தகாது. தவறான ஆகாரத்தால் ஒரு ஜீவன் மெல்ல மெல்ல மடிகிறது. சில வேளைகளில், ஊட்ட முயன்ற பிள்ளையின் உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

பாலும் பாம்பும்

முதலிற் பாலைப் பற்றிக் கூறுவோம். பால் என்பது குட்டி ஈன்று முலையூட்டும் பிராணிகளின் உணவு. பசுவின் கன்றும் மனிதக் குழந்தையும் பாலைக் குடித்து வளர்கின்றன. அதனைச் சமிபாடு செய்வதற்குரிய நொதியம் அவற்றின் குடலிலே சுரக்கிறது. பாம்போ ஊர்வன இனத்தது. அது முட்டையிலிருந்தோ தாயின் வயிற்றிலிருந்தோ வெளிவந்த நாள்தொட்டுத் தானே இரை தேடி உண்ணும். தாய்ப்பால் என்பதை அவ்வினம் கண்டதேயில்லை. பாற்சர்க்கரையைச் சமிபாடு செய்யும் ஆற்றலும் அதற்கு இல்லை.

“ஆயின் பாம்பு பால் குடிப்பதை நாம் கண்ணாற் கண்டோமே!” என்று கூறுவோர் உளர். அவர் கூறுவது பொய்யன்று. பல நாள் நீரின்றி அடைபட்டுக் கிடக்கும் பாம்பு, தாகத்தின் கொடுமையால் எதிரே வைக்கப்படும் எத்திரவத்தையும் குடிக்கும். பாலாயினும் குடிக்கும், சாயநீராயினும் குடிக்கும். அது பசியாற உண்பதன்று. உயிர் போகும் தாகத்தில் வேறு வழியின்றி விழுங்குவது. இந்தியாவிலே நாகபஞ்சமிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே பாம்புகளைப் பிடித்து, நீர் காட்டாது வைத்து, விழாவன்று பாலை நீட்டும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்தது. அவ்வாறு பால் குடித்த பாம்புகள் வயிற்றோட்டங் கண்டும், நுரையீரல் அழற்சியுற்றும் இறந்துபோவதை மிருக வைத்தியர்கள் பலமுறை எடுத்துக் கூறியுள்ளனர்.

நுரையீரலுக்குப் பால் எவ்வாறு போகும் எனச் சிலர் வியக்கலாம். பாம்பின் மூச்சுக்குழல் வாயின் அடித்தளத்திலேயே, முன்புறமாகத் திறந்திருக்கும். பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சுவிடுவதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. பாம்பின் தலையைப் பிடித்துப் பாலில் அமுக்கும்போதோ, குழல்கொண்டு வாயில் வார்க்கும்போதோ, பால் நேரே அத்துவாரத்தினுட் சென்றுவிடும். பெரும்பாலான பாம்புகளுக்குச் செவ்வனே தொழிற்படும் நுரையீரல் ஒன்றே. இடப்பக்கத்து நுரையீரல் மிகச் சிறுத்தோ இல்லாதோ இருக்கும். அந்த ஒன்றிலே பால் தேங்கினால் அதன் கதி என்னாகும்?

நாகதம்பிரானை வழிபடும் நம் பெரியோரின் பக்தியை நாம் குறைத்துக் கூறவில்லை. புற்றின் அடியிலே பாத்திரத்திற் பாலை வைத்து வணங்கி வருவதனால் எந்தப் பாம்புக்கும் கேடில்லை. அது வேண்டாமென்று விலகிப் போய்விடும். கூடையில் அடைத்து, தாகத்தால் வாட்டி, கழுத்தைப் பிடித்துப் புகட்டுவது பக்தியாகாது என்பதே நம் கருத்து.

முழு இரையின் மகிமை

இனி, பாம்பு உண்மையில் உண்பது யாது? உலகில் உள்ள பாம்புகள் அனைத்தும் ஊனுண்ணிகள். புல், காய், கனி, சோறு, ரொட்டி ஆகியவற்றை உண்ணும் பாம்பு ஒன்றேனும் இல்லை. பாம்புக்கு மெல்லும் பல் கிடையாது. உட்புறமாக வளைந்த பற்களால் இரையைப் பற்றி, இரு தாடைகளையும் மாறி மாறி முன்னே நகர்த்தி முழுமையாக விழுங்குவதே அதன் முறை. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னே ஒன்றோடொன்று இணைந்திராது இழைநாரினாற் பிணைக்கப்பட்டுள்ளமையால், தன் தலையிலும் பெரிய இரையை அது விழுங்கவல்லது.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. எலியை முழுதாக உண்ணும் பாம்புக்கு இறைச்சி மாத்திரமா கிடைக்கிறது? எலும்பிலிருந்து கல்சியமும், ஈரலிலிருந்து உயிர்ச்சத்துக்களும், குடலிலிருந்து வேறு பல சத்துக்களும் ஒருங்கே கிடைக்கின்றன. இறைச்சிக் கடையிலிருந்து மாட்டிறைச்சித் துண்டையோ தோலுரித்த கோழித் துண்டையோ வாங்கிவந்து கொடுத்தால், பாம்பின் வயிறு நிறையும், உடல் நிறையாது. கல்சியம் குறைந்து எலும்புகள் மென்மையடைந்து வளையும். உப்பும் மசாலாவும் சேர்த்துச் சமைத்த இறைச்சியோ கூடவே கூடாது.

முட்டை எவ்வாறு? நாகம் காட்டிலே பறவைகளின் முட்டைகளை உண்பது உண்மைதான். ஆபிரிக்காவிலே முட்டையை மாத்திரம் உண்டு வாழும் பாம்புச் சாதியும் உண்டு. அது ஓட்டைத் தன் கழுத்தெலும்பின் முட்களால் உடைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொண்டு, வெறும் ஓட்டை உமிழ்ந்துவிடும். எனினும் எல்லாப் பாம்பும் முட்டை உண்ணுவதில்லை. உண்ணும் பாம்புக்கும் அது பல்வேறு இரைகளுள் ஒன்றே. பச்சை வெள்ளைக்கருவை ஓயாது ஊட்டினால், அதிலுள்ள ஒரு புரதம் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைப் பிணைத்து உடலுக்கு உதவாமற் செய்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இலை

நம் இலங்கைத் தீவிலே கடற்பாம்புகளையும் சேர்த்து நூறு சாதிகளுக்கு மேற்பட்ட பாம்புகள் உள்ளன. பந்தியிலே எல்லோருக்கும் ஒரே உணவைப் பரிமாறுவது போலப் பாம்புகளுக்குப் பரிமாற இயலாது. கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியையே எடுத்துக்கொள்வோம்.

ஈரமண்ணைக் கிளறும்போது, வால் முனை மழுங்கி, தலை கூர்ந்து, மண்புழுவையொத்த பளபளப்போடு நெளியும் சிறு பாம்புகளைத் தோட்டத் தொழிலாளர் பலர் கண்டிருப்பர். கேடயவாற் பாம்புகள் எனப்படும் அக்குடும்பம் உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மாத்திரமே உள்ளது. அவற்றின் ஆகாரம் மண்புழு. அதைவிடச் சிறிய குருட்டுப் பாம்போ எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் உண்டு வாழ்கிறது. பூச்சாடி மண்ணிலே மறைந்து உலகமெங்கும் பரவிய சாதி அது. இவை இரண்டுக்கும் விஷமில்லை. இவற்றைப் பிடித்துப் பால் வைப்பவரும் எலிக்குஞ்சு தேடுபவரும் வீணே முயல்கின்றனர்.

நீர்நிலைகளிலும் வயல்வெளிகளிலும் திரியும் தண்ணீர்ப்பாம்பு மீனையும் தவளையையும் நாடும். பச்சைப்பாம்பு மரக்கிளையில் அசையாதிருந்து ஓணான், பல்லி, சிறு பறவை ஆகியவற்றைப் பிடிக்கும். சாரைக்கு எலியே முதன்மை. தவளையும் பறவையும் அடுத்தவை. நாகம் எலி, தவளை, தேரை, பறவை, முட்டை எனப் பலவற்றை உண்ணும். பிற பாம்புகளையும் விட்டுவைப்பதில்லை. கட்டுவிரியனோ பாம்புகளையே விரும்பி உண்ணும். ஒரே பெட்டியில் வேறொரு பாம்போடு அதனை அடைத்தால் மறுநாள் ஒன்றுதான் எஞ்சும். தேயிலைச் செடியடியிற் சருகோடு சருகாகக் கிடக்கும் கோப்பி விரியன் பல்லி, அரணை, தவளை ஆகியவற்றை உண்பது. மலைப்பாம்போ எலி, முயல், பறவை தொடங்கி மான்கன்று வரை விழுங்கவல்லது.

இலங்கையிலேயே பிறந்து இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய பிராங்க் வால் என்பார், 1921இல் இலங்கைப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவரைப் போன்ற ஆய்வாளர் இறந்த பாம்புகளின் வயிற்றைத் திறந்து, உள்ளேயிருந்த இரையைக் குறித்து வைத்தமையாலேயே இவ்விவரங்களிற் பல நமக்குத் தெரியவந்தன. பாம்பு என்ன தின்னும் என்பதைப் பாம்பின் வயிற்றிடமே கேட்டறிந்தனர் அவர்கள். மாணவர்கள் இம்முறையை நினைவிற் கொள்ளல் நன்று. பிறர் சொல்லக் கேட்டதை நம்புவதன் முன், பார்த்தறிய வழியுண்டா என நோக்குவதே விஞ்ஞானத்தின் முதற்படி.

வளர்ப்போர் அறிய வேண்டுவன

“பாம்பை வீட்டில் வளர்ப்பார் உண்டோ?” என நம் நேயர் சிலர் நகைக்கலாம். மிருகக்காட்சிச்சாலைகளிலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் பாம்புகளைப் பேணுகின்றனர். இன்னொன்றையும் கூறுவோம். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம்மவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள், அந்நாட்டுச் சட்டத்துக்கமைய, கூண்டிலேயே பிறந்து வளர்ந்த விஷமற்ற பாம்புகளைக் கிளியையும் முயலையும் போலவே வளர்க்கின்றனர். தொலைபேசியில் அதனைக் காட்டும் பேரனைக் கண்டு கண்டியிலுள்ள பாட்டிமார் திகைப்பதும் உண்டு. அத்தகையோர்க்கு உதவும் விதிகள் சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, இரையின் பருமன். பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதி எவ்வளவோ, இரையும் ஏறத்தாழ அவ்வளவே இருத்தல் வேண்டும். அதனிலும் பெரிய இரையை வற்புறுத்திக் கொடுத்தால் பாம்பு அதனைக் கக்கிவிடும், குடலும் புண்படும்.

இரண்டாவது, கால இடைவெளி. நாள்தோறும் மூன்று வேளை உண்பவர் நாம். பாம்போ அத்தகையதன்று. வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறையும், வளர்ந்த பாம்புக்கு இரு வாரத்துக்கு ஒருமுறையும் இரை போதும். பெரிய மலைப்பாம்பு ஒரு மாதமும் அதற்கு மேலும் ஒரே உணவோடு இருக்கும். தோலுரிக்கும் காலத்திற் கண் மங்கிப் பாம்பு உண்ண மறுக்கும், அது நோயன்று. இரக்கத்தினால் அடிக்கடி ஊட்டுவோர் தம் பாம்பைக் கொழுக்கவைத்து அதன் ஆயுளைக் குறைக்கின்றனர்.

மூன்றாவது, வெப்பம். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. வெயிலிலும் சூடான கல்லிலும் கிடந்தே அது வெப்பம் பெறுகிறது. இரை செரிப்பதற்கு வெப்பநாட்டுப் பாம்புகள் பலவற்றுக்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ளது; மார்கழி, தை மாத இரவுகளில் 20 பாகைக்குக் கீழும் வெப்பநிலை இறங்கும். வெளியிலுள்ள பாம்பு மறுநாட் காலை வெயிலை நாடிச் சென்று பிழைத்துக்கொள்ளும். இருண்ட அறையிலே மரப்பெட்டியில் அடைபட்ட பாம்புக்கு வெயில் ஏது? விழுங்கிய எலி வயிற்றிலேயே செரியாது அழுகும். ஆகவே உணவு நல்லதாயிருப்பது மாத்திரம் போதாது. அதனைச் செரிக்கச் செய்யும் சூடும் வேண்டும். உண்டபின் இரண்டு நாளேனும் அதனைத் தொடாதிருத்தலும் வேண்டும்.

நான்காவது, இரை உயிரோடிருத்தல் நன்றா என்னும் வினா. அன்று, என்பதே விடை. கூண்டிற்குள் விடப்பட்ட எலிக்கு ஓட இடமில்லை. அது திரும்பிக் கடிக்கும். பசியில்லாத பாம்பு சுருண்டு கிடக்க, எலி அதன் முதுகைக் கரம்பித் தின்ற நிகழ்ச்சிகளும் உண்டு. வதை எலிக்கும் நேர்கிறது, பாம்புக்கும் நேர்கிறது. எனவே, துன்பமின்றிக் கொல்லப்பட்டுக் குளிரில் உறையவைக்கப்பட்ட எலியையே வெளிநாட்டார் வாங்குகின்றனர். அதனைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்கி, பின் வெந்நீரில் வைத்து இளஞ்சூடேற்றி, நீண்ட இடுக்கியாற் பிடித்துக் கொடுக்கவேண்டும். உட்புறம் உறைந்திருக்கும் இரையைக் கொடுப்பதும், ஒருமுறை உறைவு நீங்கியதை மீண்டும் உறையவைப்பதும் தவறு.

ஐயத்துக்குரிய இரைகள்

வீட்டுக் கூரையிலே ஓடும் எலியைப் பொறிவைத்துப் பிடித்துக் கொடுத்தால் என்ன? செலவில்லாத வழிதான், ஆயின் அபாயமானது. அயல்வீட்டார் வைத்த எலி நஞ்சை அது தின்றிருக்கலாம். இக்கால எலி நஞ்சுகள் உண்ட எலியை உடனே கொல்வதில்லை. சில நாள் கழித்தே கொல்லும். நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் ஆந்தையும் அந்நஞ்சுக்கு இரையாவது நன்கறிந்த விஷயம். அத்தகைய எலியை அறிந்தே பாம்புக்கு ஊட்டுவது எவ்வாறு பொருந்தும்? மேலும் காட்டெலியிடத்து ஒட்டுண்ணிப் புழுக்கள் மலிந்திருக்கும்.

பிடிக்கும் மனிதனுக்கும் ஆபத்துண்டு. எலியின் சிறுநீரினாற் பரவும் எலிக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டிலே நம் நாட்டைப் பெரிதும் வாட்டிற்று. அவ்வாண்டில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவரென ஐயுறப்பட்டனர். மாத்தளை, கண்டி மாவட்டங்களும் மிகப் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். ஒரு பாம்பின் பசிக்காக வெறுங்கையால் எலி பிடிக்கும் சிறுவன் தன் சிறுநீரகத்தையே பணயம் வைக்கிறான்.

மீன் உண்ணும் பாம்புகளுக்குக் கண்ணாடித் தொட்டியில் வளரும் பொன்மீனை வாங்கிக் கொடுப்பாரும் உண்டு. பொன்மீனிலும் அதன் இனத்து மீன்கள் பலவற்றிலும் தையாமினேசு என்னும் நொதியம் இருக்கிறது. அது தையமின் என்னும் பீ-1 உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடும். அம்மீனையே மாதக்கணக்கில் உண்ட பாம்பு வலிப்புக் கண்டு, தன்னை நேராகத் திருப்பிக்கொள்ளவும் மாட்டாது துடித்து இறக்கும். உறையவைப்பதனால் அந்நொதியம் அழிவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வகை வகையாக மாற்றிக் கொடுத்தலே அதற்குப் பரிகாரம்.

தேரையின் தோலிலே நஞ்சு சுரக்கும் சுரப்பிகள் உண்டு. நாகம், தண்ணீர்ப்பாம்பு ஆகிய சில சாதிகள் அதனைத் தாங்கும். பிற பல தாங்கமாட்டா. ஜப்பானிலுள்ள ஒரு பாம்பு, தான் தின்ற தேரையின் நஞ்சைத் தன் கழுத்திலுள்ள சுரப்பிகளிற் சேமித்துப் பகைவரைத் தாக்கப் பயன்படுத்துகிறதென 2007இல் ஆய்வாளர் நிறுவினர். ஒன்றுக்கு விஷமானது மற்றொன்றுக்கு ஆயுதமாகிறது! இயற்கையின் இத்தகைய நுட்பங்களை அறியாது, கண்டதைப் பிடித்துக் கூண்டிற் போடுவது பேதைமையாகும்.

இன்னும் ஒன்று. ஊர்வன பலவற்றின் குடலிலே சல்மொனெல்லா என்னும் பக்ரீரியா வாழ்கிறது. அவற்றுக்கு அதனால் நோவில்லை, மனிதருக்கு உண்டு. இக்காரணம்பற்றியே அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிற் சிறிய ஆமைக்குஞ்சுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. உறைந்த எலியிலும் அக்கிருமி சாவதில்லை. எனவே பாம்பையோ அதன் இரையையோ தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவல் வேண்டும். குடும்பத்தின் உணவு இருக்கும் தட்டில் இரையை வைத்தல் ஆகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைக் கிட்ட விடலும் ஆகாது.

கூடைக்காரரும் நாமும்

மீண்டும் கண்டிக் கூடைக்காரரிடம் வருவோம். இலங்கையிலே பாம்பாட்டுவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர் அகிகுண்டிகர் எனப்படுவர். தமிழர் இவர்களைக் குறவர் என்பர். வீட்டிலே தெலுங்கின் ஒரு வழக்கைப் பேசும் இம்மக்கள் ஊர் ஊராகக் கூடாரமிட்டு வாழ்ந்தவர். பின்னர் தம்புத்தேகமையை அடுத்த குடாகம, அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பை முதலிய இடங்களிற் குடியமர்ந்தனர். பாம்பின் தடத்தைக் கண்டு அதன் சாதியைக் கூறும் கூர்மை தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. அவர்களை இகழ்வது நம் நோக்கமன்று. வறுமையே அவர்களைக் கூடையோடு தெருவில் இருத்துகிறது.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் இயலாது. நச்சுப்பல்லைப் பிடுங்கும் வழக்கம் பாம்பாட்டிகள் பலரிடம் பலவிடங்களில் உண்டு. பல் பிடுங்கிய வாய் புண்ணாகும். வாய்ப்புண் வந்த பாம்பு இரையைப் பற்றமாட்டாது. பற்றாதது பட்டினி கிடந்து மடியும். அப்போது மற்றொரு நாகம் காட்டிலிருந்து கூடைக்கு வரும். அத்தகைய பாம்புக்கு எந்த நல்லுணவைக் கொடுத்தும் பயனில்லை.

இந்நிலைக்கு மாற்று வழி இல்லையா? தமிழ்நாட்டைப் பார்ப்போம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் வந்தபின் பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. அதை நம்பி வாழ்ந்த இருளர் குடும்பங்கள் தவித்தன. 1978இல் அவர்களுக்கெனச் சென்னைக்குத் தெற்கே கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைந்தது. அரசின் அனுமதியோடு பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சை மாத்திரம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுவதே அதன் தொழில். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற கைகளே மக்களின் உயிர் காக்கும் கைகளாயின.

நம் பேராதனையிலும் ஒரு முயற்சி நடந்தது. நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாக இந்திய மருந்தையே நம்பியுள்ளன. அது இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. கோப்பி விரியனின் கடிக்கு உதவாதது. ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்தார், கோஸ்தாரிக்கா, அமெரிக்க நாடுகளின் ஆய்வாளரோடு கூடி, இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்து ஆக்கும் ஆய்வில் இறங்கினர். அதன் முதற்கட்ட முடிவுகள் 2016இல் வெளியாயின. இத்தகைய பணிக்கு நஞ்சு தரும் பாம்பு நலமாயிருத்தல் அவசியம்; நலமாயிருக்க நல்லிரை அவசியம்.

வீட்டாருக்கு

இறுதியாக, பெற்றோருக்கும் மாணவருக்கும் நாம் கூறுவது இது. காட்டிலோ வேலியிலோ கண்ட பாம்பைப் பிடித்து வளர்க்க எண்ணற்க. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009 வரை அதற்கு வந்த திருத்தங்களும் மலைப்பாம்பு உள்ளிட்ட நம் நாட்டுப் பாம்புகள் பலவற்றுக்குக் காப்பளிக்கின்றன. சட்டம் ஒருபுறமிருக்க, சிறு குட்டிதானே என்று கையில் எடுப்பது கோப்பி விரியனாகவோ புடையனின் குட்டியாகவோ இருக்கலாம். பிறந்த அன்றே அவற்றுக்கு விஷமுண்டு. இந்நாட்டில் மிகுதியாகக் கடிப்பது கோப்பி விரியனே என்பதையும் மறவாதீர்.

கடி நேர்ந்துவிட்டால் காயத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் வேண்டாம். மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, 1990 என்னும் எண்ணில் நோயாளர் வண்டியை அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ வைத்தியசாலைக்கு விரைக. பாம்பைத் தேடிக் கொல்லப் போய்க் காலத்தை வீணாக்கற்க.

பாம்பு வீட்டினுள் வந்தால், பிள்ளைகளை அப்புறப்படுத்தி, கதவைத் திறந்துவிட்டுத் தூர நின்று நோக்குக. அடிபட்ட பாம்பைக் கண்டால் வனவிலங்குத் திணைக்களத்தாருக்கு அறிவிக்க. பாம்பைப் பற்றிக் கற்க விரும்பும் மாணவன் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கட்டும். நல்ல நூல்களை நாடட்டும்.

பாம்புக்கு உணவு கொடுத்தே ஆகவேண்டுமென்னும் இரக்கம் உள்ளவருக்கும் வழியுண்டு. வேலியோரத்துப் புற்றை இடிக்காது விடுங்கள். வயலிலும் தோட்டத்திலும் எலி நஞ்சைக் கண்டபடி தூவாதிருங்கள். சாரையைக் கண்டவுடன் தடியெடுக்காதிருங்கள். வயலிலே நெல்லைத் தின்னும் எலியை அது தானே தேடி, தனக்கேற்ற பருமனில், தனக்கேற்ற நாளில் உண்டுகொள்ளும். அதனினும் பாதுகாப்பான ஆகாரத்தை நாம் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்க இயலாது.